செவ்வாய்க் கல்லும் என் பதினோரு நாட்களும்

உங்களில் ஒருவருக்கு விண்கற்களை வைக்கும் உலர் அறையின் பொறுப்பு வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். யாருக்கு என்று தெரியாது. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேரில் ஒருவர். பெட்டியை எப்படித் திறப்பது, எந்த வால்வை முதலில் மூடுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. என் பெயர் ஸ்டெல்லா. முப்பத்தொரு வருடம் இந்த ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். என்னைப் பற்றி ஒரு கதை கேன்டீனில் சுற்றிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். வாய்க்கு வாய் அது மாறியிருக்கும். சம்பந்தப்பட்டவளிடமிருந்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். விண்கல் என்று நினைத்துக் கல்லைத் தூக்கிக்கொண்டு மாதம் ஒருவராவது நம் வாசலுக்கு வருவார்கள். நீங்களும் பார்ப்பீர்கள். பார்த்து பதில் சொல்லி அனுப்புவது என் வேலை. ஒருமுறை வைட்ஃபீல்டிலிருந்து ஒரு ஐ.டி. கம்பெனி மேனேஜர், காரின் கூரையில் விழுந்தது என்று கறுப்பாக ஒரு கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தார். அது இரும்பு உருக்கும் ஆலைக் கசடு. பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்த லாரியிலிருந்து தெறித்திருக்கும். "இல்லீங்க, இது வானத்துலேருந்து வந்தது இல்ல" என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பினேன். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து எனக்குப் பெரிதாக வருத்தம் வரவில்லை. உண்மை உண்மைதானே என்று நினைத்தேன். அடுத்தவர் ஆசையைக் கலைக்கும் உண்மையைச் சொல்ல எனக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க் கல் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருடம் இருக்கும்போது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று நமக்குக் கடனாக அனுப்பியிருந்தது. கட்டைவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் கறுப்பாகக் கருகிய தோல். பூமியின் காற்றுக்குள் நுழையும்போது வெந்து உருகியது. மறுபக்கம் சாம்பல் பச்சை. செவ்வாயில் ஏதோ மோதி, அங்கிருந்து பிய்ந்து தெறித்து, எத்தனையோ லட்சம் வருடம் வெளியில் சுற்றி பூமியில் விழுந்தது. உள்ளே சிறைப்பட்டிருக்கும் காற்றுக் குமிழ்கள் செவ்வாயின் காற்றோடு ஒத்துப்போவதை வைத்துத்தான் அது அங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். உலகத்தில் அப்படிப்பட்ட கற்கள் கொஞ்சம்தான். கல்லில் மெல்லிய விரிசல்கள் இருந்தன. செவ்வாயில் எப்போதாவது தண்ணீர் ஓடியிருந்தால், அது காய்ந்த தடம் அந்த விரிசல்களில் உப்பாக இருக்கும். அதைத் தேடுவதுதான் நம் வேலை.

அதனால் அந்தக் கல்லின் மேல் ஈரக்காற்று படவே கூடாது. ஈரம் பட்டால் கல்லுக்குள் இருக்கும் உப்பு கரையும், இடம் மாறும், நம் ஊர்க் காற்றில் இருப்பதும் அதில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எது செவ்வாயுடையது, எது பெங்களூருடையது என்று பிரிக்க முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் உலர்ந்த காற்றைச் செலுத்தும் ஒரு பம்ப், உள்ளே ஒரு கிண்ணத்தில் சிலிகா ஜெல், ஓர் ஈரப்பத மீட்டர். சிலிகா ஜெல் காய்ந்திருந்தால் நீலமாக இருக்கும், ஈரத்தைக் குடித்துவிட்டால் ரோஸ் நிறமாகிவிடும். லீவு நாளானாலும் தினம் ஒருமுறை ஒருவர் வந்து நிறத்தையும் மீட்டர் எண்ணையும் பார்த்து லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதம் அந்த ஒருவர் நான்.

மழை அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தது. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெரு தாழ்வான தெரு. சனிக்கிழமை காலையில் கால்வாய் எதிர்த்துக்கொண்டு வந்து ஹாலுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். நானும் என் கணவர் ஜானும் ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றி, மெத்தைகளைக் கட்டிலில் அடுக்கி, வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருந்தோம். பஸ் ஓடவில்லை. பத்து மணிக்கு ஆய்வுக்கூட வாசல் செக்யூரிட்டிக்கு போன் போட்டேன்.

"கரெண்ட் இருக்காப்பா?"

"இதெ மேடம். லைட் எல்லா உரீத்தா இதெ" என்றார் அவர் கன்னடத்தில். இருக்கிறது, விளக்கெல்லாம் எரிகிறது என்று.

அவர் பொய் சொல்லவில்லை. வாசல் விளக்கு ஜெனரேட்டரில் எரிந்துகொண்டிருந்தது. உலர் அறைக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது, சில மணி நேரம் தாங்கும் யூ.பி.எஸ். மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் சொன்னது போதும் என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அது போதுமானதாக இருக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு எல்லோருக்கும் முன்னால் போனேன். கரெண்ட் வந்திருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் புதிதாகக் கிளம்பிய மாதிரி இருந்தது. பெட்டிக்குள் சிலிகா ஜெல் முழுக்க ரோஸ். மீட்டர் 58 காட்டியது. பத்துக்கு மேல் போகவே கூடாது. கதவு ரப்பர் பழையது, மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்திருந்தோம். பம்ப் நின்றதும் அந்த வழியாக மழைக்காற்று உள்ளே போயிருக்கிறது. கல்லை லென்ஸில் பார்த்தேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை. கிண்ணத்தில் புது ஜெல் போட்டேன். பதினோரு மணிக்கு மீட்டர் 12-க்கு வந்தது, மதியம் 9. அந்த மீட்டருக்கு ஞாபகசக்தி கிடையாது. இப்போது என்ன என்று மட்டும்தான் சொல்லும்.

லாக்புக்கைத் திறந்தேன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று வரிகள் காலியாக இருந்தன. "நீலம், 9." கீழே "நீலம், 9." மூன்றாவது வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் எழுதி நிரப்பியது போலத் தெரியும். அதனால் "நீலம், 10" என்று எழுதினேன். ஏதோ பதற்றத்தில் கை எழுதிவிட்டது என்று பின்னாளில் நான் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து அப்படிச் சொல்ல விடுவதில்லை.

ஒரு வாரம், யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் மறந்தேன். நிஜமாகவே மறந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து நிவேதா அந்த விரிசல்களில் வெள்ளைக் குருணைகளைக் கண்டுபிடித்தாள். நிவேதா எங்கள் பிரிவில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த பெண். அப்பா மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் பாதி தமிழ், மீதியில் கன்னடமும் இங்கிலீஷும். மூன்று வருடமாக விண்கல்லும் கையுமாக இருந்தவள். குருணைகள் உப்புதான். தண்ணீர் காய்ந்தால் மட்டுமே வரும் உப்பு. அதற்குள் மிகச் சிறிதளவு கார்பன் சேர்மங்கள் இருந்தன. உயிர் என்று யாரும் சொல்லவில்லை. உயிருக்கு வேண்டிய சாமான்களில் ஒன்று என்று சொல்லலாம். தண்ணீரும் கார்பனும் செவ்வாயில் ஒரே விரிசலில் கூடியிருந்தன என்றால், அதற்கு மேல் என்ன கேட்கலாம் என்பது பெரிய கேள்வி. கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். எங்கள் பிரிவுத் தலைவரை நான் சார் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். வீட்டில் தமிழும், கோபம் வந்தால் கன்னடமும் பேசுகிறவர். அவர் அந்த வாரம் முழுக்க காரிடாரில் சிரித்துக்கொண்டே நடந்தார்.

ஒரு மாதத்தில் மதிப்பாய்வாளர்களின் கேள்விகள் வந்தன. நிவேதா லாக்புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"ஸ்டெல்லா மேடம், ரெண்டு கேள்விதான். ஒண்ணு, கார்பன் அளவை இன்னொரு தடவை எடுத்துக் காட்டணுமாம். இன்னொண்ணு, இந்த உப்பு உங்க லேப்ல ஈரக்காத்துல உண்டானது இல்லேன்னு எப்படிச் சொல்றீங்கன்னு கேக்கறாங்க. சார் சிரிச்சிட்டாரு. ஸ்டெல்லாவோட லாக்புக்கை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு, அதுதான் சாட்சின்னாரு."

எனக்கு எதிரிலேயே பக்கங்களைப் புரட்டினாள். "ஒருநாள்கூட பத்தைத் தாண்டலை. சூப்பர் மேடம் நீங்க."

நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கே, அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். அவள் லாக்புக்கோடு ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போனாள். என் பதினோரு நாட்களில் முதல் நாள் அது. பதில் அனுப்பப் பதினாலு நாள் கெடு.

வீட்டில் ஜானிடம் சொன்னேன். காக்ஸ் டவுனில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு நாள் ஈரத்துல என்ன ஆயிடும்? கல்லுதானே."

"அது சும்மா கல்லு இல்லைங்க."

"உனக்கு இன்னும் பதினொரு மாசம்தான் சர்வீஸ். இப்பப் போய் நான் பொய் எழுதினேன்னு சொன்னா என்கொயரி வெப்பாங்க, தெரியும்ல? அந்த உப்பு ஈரத்துல வந்ததுன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ தெரியாத ஒண்ணுக்கு ஏன் தலையைக் குடுக்கற?"

அவர் கேட்டது நியாயமாகப் பட்டது. நிச்சயமாகத் தெரிந்துகொள்கிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இப்போது யோசித்தால், அது முடிவே இல்லை, தள்ளிப்போட ஒரு நல்ல காரணம். ஆனால் அன்றைக்கு அது பொறுப்பான காரியம் போலத்தான் இருந்தது.

மாணவர்கள் அறுத்துப் பழக நம்மிடம் பாலைவனத்தில் கிடைத்த சாதாரண விண்கற்கள் ஒரு டப்பா நிறைய உண்டு. மூன்றாம் நாள் அதில் ஒரு துண்டை எடுத்து, ஒரு பழைய பெட்டியில் வைத்து, உள்ளே ஈரத்துணி போட்டு மூடினேன். யார் கேட்டாலும் ரப்பர் சோதிக்கிறேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. இரண்டரை நாள் ஈரப்பதத்தை அறுபதுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏதாவது சாக்கில் எழுந்து போய்ப் பார்த்தேன். ஆறாம் நாள் கல்லை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஒன்றுமில்லை. ஒரு புள்ளி வெள்ளைகூட இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அந்தத் துண்டை உலர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில்தான் மேலிடத்திலிருந்து போன்கள் வர ஆரம்பித்தன. கட்டுரை ஏற்கப்பட்டதும் பத்திரிகைக்குக் குறிப்பு கொடுக்க வேண்டும், கல்லின் பெரிய படம் வேண்டும் என்றார்கள். நிவேதாவுக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு ஆராய்ச்சிக்கு இடம் தருவதாக ஒரு கடிதம் வந்திருந்தது. இந்தக் கட்டுரை வெளியானால் உறுதி. கேன்டீனில் அவள் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தாள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை அவள் வந்தாள். "மேடம், கார்பன் ரிப்பீட் பண்ணணும். மீதி இருக்கற கிரெய்ன்ஸ் குடுங்க. எவ்வளவு இருக்கு?"

"மூணுதான் இருக்கு."

"மூணும் வேணும் மேடம். ரொம்பக் கம்மியா இருந்தா மெஷின் எடுக்காது."

அந்தச் சோதனையில் குருணையைச் சூடாக்கி ஆவியாக்கிவிடுவார்கள். மிச்சம் இருக்காது. குருணைகள் இருந்த சின்னக் குப்பியை நான்தான் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்தேன். கொடுக்கும்போது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? என் சோதனைக் கல்லில்தான் ஒன்றும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். ரிஜிஸ்டரில் "மூன்று குருணை, முழுவதும்" என்று எழுதி, இந்த முறை உண்மையை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் ரிசல்ட் வந்தது. கார்பன் இருக்கிறது, முன்பு சொன்ன அதே அளவு. நிவேதா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

பத்தாம் நாள் அலமாரியில் வேறு எதையோ தேடும்போது அந்த உலர் டப்பா கண்ணில் பட்டது. திறந்து, பழக்கதோஷத்தில் லென்ஸில் பார்த்தேன். விரிசல் நெடுக வெள்ளையாகப் பூத்திருந்தது.

ஈரத்தில் இருந்தபோது ஒன்றும் வரவில்லை. காயும்போது வந்திருக்கிறது. உப்பு உள்ளே கரைந்து, கல் உலர உலர விரிசலின் வாய்க்கு வந்து படிந்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் மழைக்காலம் முடிந்து காயும்போது உப்புப் பூக்குமே, அதேதான். எங்கள் ஹால் சுவரில் வருடா வருடம் பார்க்கிறேன். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவளுக்கு ஆறாம் நாள் அது தோன்றவில்லை. ஒன்றும் வரவில்லை என்று பார்க்கத்தான் அன்றைக்கு உட்கார்ந்திருந்தேன். பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

அன்று சார் ஊரில் இல்லை. அடுத்த நாள் காலை அவர் அறைக்குப் போனேன். நிவேதாவும் அங்கே இருந்தாள். இருவரும் பதில் கடிதத்தைக் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை வெளியே அனுப்பச் சொல்லலாமா என்று நினைத்தேன். அவளுக்கு இரண்டாவதாகத் தெரிவது சரியில்லை என்று பட்டது. நின்றுகொண்டே சொன்னேன். மழை, யூ.பி.எஸ்., ரோஸ் நிறம், லாக்புக். சோதனைக் கல்லை மேஜை மேல் வைத்தேன்.

சார் கன்னடத்துக்கு மாறுவார் என்று காத்திருந்தேன். மாறவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"மீட்டர் எவ்வளவு காட்டிச்சு?"

"அம்பத்தெட்டு சார்."

லாக்புக்கை இழுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். விரலை வைத்து மூன்று வரியையும் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இங்க ஏன் பத்து?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "உண்மை மாதிரி இருக்கணும்னு சார்" என்றேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அதுவரை இருந்த ஸ்டெல்லாவை அவர் அந்த நிமிடம் கைவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

நிவேதா கேட்டாள். "மேடம், அன்னிக்கு நான் லாக்புக் எடுத்துட்டு வந்தப்ப உங்களுக்கு இது ஞாபகம் இருந்ததா?"

"இருந்தது."

"முந்தாநாள் குருணை குடுத்தப்ப?"

"இருந்ததும்மா."

அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"வேற யாருக்குச் சொன்னீங்க?" என்றார் சார்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும்."

"வீட்டுக்குப் போங்க. நாளைக்குக் காலைல வாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை வீடு வரை சுமந்துகொண்டு போனேன். யாரிடமும் பேசாதீர்கள் என்றால் என்ன அர்த்தம்? மறைக்கப்போகிறாரா? பஸ்ஸில் உட்கார்ந்தபடி, அவர் மறைத்துவிட்டால் நல்லது என்று ஒரு மனம் ஆசைப்பட்டது. இதை உங்களிடம் மறைக்கவில்லை. சொல்லியும் ஆயிற்று, ஒன்றும் நடக்கவும் இல்லை என்று ஆகிவிட்டால் எவ்வளவு நிம்மதி. வீட்டில் ஜான், "ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

மறுநாள் போனபோது சார் மேஜையில் இரண்டு கடிதங்கள் தயாராக இருந்தன. ஒன்று அருங்காட்சியகத்துக்கு, ஒன்று ஆய்விதழ் ஆசிரியருக்கு. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், காரணம் இது. கீழே அவர் கையெழுத்து. அவர் கண் சிவந்திருந்தது. அவரும் ஒருநாள் யோசித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். என்ன யோசித்தார் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

லாக்புக்கை என் பக்கம் தள்ளினார். "அழிக்காதீங்க. ஒயிட்னர் வேண்டாம். மேல ஒரே கோடு போடுங்க, அடியில இருக்கறது தெரியணும். பக்கத்துல நடந்ததை எழுதி இன்னிக்குத் தேதி போடுங்க."

சனி, ஞாயிறு இரண்டு வரிக்கு எதிரே "பார்க்கவில்லை" என்று எழுதினேன். திங்களுக்கு எதிரே "ரோஸ், 58." அந்தப் பக்கம் இன்னும் அந்த அறை அலமாரியில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

விசாரணை நடந்தது. மெமோ கொடுத்தார்கள். உலர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கடைசிப் பத்து மாதமும் கல் கொண்டுவருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் மேஜையில் இருந்தேன். என் ஓய்வுக்கு மாலையும் காபியும் நடந்தது, யாரும் வாழ்த்திப் பேசவில்லை. அதெல்லாம் நியாயம்தான். ரப்பர் பழையதாக இருந்தது, யூ.பி.எஸ். சின்னது என்பதை விசாரணையில் சார்தான் எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு எல்லா உலர் பெட்டிக்கும் ஜெனரேட்டர் இணைப்பும், தானாகப் பதிவு செய்யும் மீட்டரும் வந்தன.

நிவேதா ஏழு மாதம் அந்தக் கல்லோடு மறுபடி உட்கார்ந்தாள். கருகிய மேல்தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய உப்பு இழை ஓடுவதைப் பார்த்தாள். அதன் ஒரு முனை அந்தத் தோலோடு சேர்ந்து வெந்து உருகியிருந்தது. பூமியின் காற்றில் நுழையும்போது வெந்தது என்றால், நுழைவதற்கு முன்பே அது கல்லில் இருந்திருக்க வேண்டும். பெங்களூர் மழை அதைச் செய்திருக்க முடியாது. உப்புக்குள் சிக்கியிருந்த நீரையும் அளந்தார்கள். செவ்வாயின் தண்ணீரில் கனமான ஹைட்ரஜன் நம் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இந்த இழையிலும் அப்படியே இருந்தது. ஆக, அந்தக் கல்லில் ஒரு காலத்தில் செவ்வாயின் தண்ணீர் ஓடியது நிஜம். அந்தச் செய்தி கிடைத்த அன்று நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். கட்டுரை வெளியானது, முன்பு எழுதியதில் பாதி அளவு. அதற்குள் அவளுக்குச் சொல்லியிருந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் காத்திருந்து வேறு ஊருக்குப் போனாள்.

போவதற்கு முன் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்க மேடம். நீங்க வந்து சொன்னதுக்கு தேங்க்ஸ் சொல்லணும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்பாவும் சொன்னாரு. நானும் ட்ரை பண்றேன். இன்னும் வரலை."

"வர வேண்டாம்மா" என்றேன்.

அந்த இழையில் கார்பன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கார்பன் இருந்தது விரிசலின் வாயில் கிடந்த அந்தக் குருணைகளில் மட்டும். அவை செவ்வாயில் காய்ந்தவையா, என் இரண்டு நாள் ஈரத்தில் பூத்தவையா என்று கண்டுபிடிக்க வழி இருந்தது. கனமான ஹைட்ரஜனை அவற்றிலும் அளந்தால் போதும். ஒரே ஒரு குருணை போதும் என்றாள் நிவேதா. முதல் நாள் அவள் லாக்புக்கோடு என் எதிரே நின்றபோது பூட்டுக்குள் மூன்று இருந்தன. ஒன்பதாம் நாள் மூன்றையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பொய் எழுதியதற்கு மெமோ வந்தது. "ம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்த பத்து நாளுக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை. கல்லுக்கு அதிகக் கேடு செய்தது அந்தப் பத்து நாள்தான். தவறு நடந்த அன்றே கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்து ஞாபகம் வந்தாலும், ஞாபகம் வந்த அந்த நிமிடத்தில் எழுந்து போய்ச் சொல்லுங்கள். நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்கிறேன் என்று உட்காராதீர்கள். நீங்கள் நிச்சயப்படுத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

போன மாதம் சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஆன்ட்டி செவ்வாய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அங்க உயிர் இருந்துதா ஆன்ட்டி?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். தண்ணீர் இருந்தது என்று சொன்னேன். "அது தெரியும், உயிர்?" என்று விடாமல் கேட்டாள். தெரியாது என்றேன். "எப்பத் தெரியும்?" என்றாள். இன்னும் கற்கள் வரும், யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கல்லில் ஒரு பதில் இருந்திருக்கலாம், அதை ஒரு குப்பியில் போட்டுக் கையெழுத்திட்டு நானே கொடுத்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லிவிட்டேன்.